நூற்றுப் பதினேழாவது கரண்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாமன்காரன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்கு ஒரே ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்கு முதல் வாய்ச் சோறு ஊட்ட அவன் வீட்டு பீரோவிலே ஒரே ஒரு வெள்ளிக் கரண்டி இருந்ததாம். கதை என்றால் இந்த இடத்தில் கேட்கிறவர்கள் ஒரு உம் கொட்ட வேண்டும். உம் விழுந்தால்தான் அடுத்த வரி எழுந்து வரும். ஆனால் கோயமுத்தூர் ராஜ வீதியில், ஒரு வெள்ளிக் கடையின் உள்கூடத்தில், பகல் ஒன்றரை மணிக்கு, பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒட்டாமல் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணிக்கு உம் கொட்ட ஒருவரும் இல்லை. கையில் ஒரு டோக்கன் மட்டும் இருந்தது. பதினான்கு.

“பாலிஷ் போடறவரு சாப்பிடப் போயிருக்காருங்க சார். ரெண்டு பத்துக்கு வந்துருவாரு. இருக்கீங்களா, போயிட்டு வர்றீங்களா?” என்று கேட்டது கவுண்டரில் இருந்த பெண். சட்டையில் ஷர்மிளா என்று பேர் குத்தியிருந்தது.

“இருக்கறனுங்க.”

அவள் பெட்டியைத் திறந்தபோது அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டான். மூன்று இறக்கை, நடுமூடியில் வட்டமாகத் தூசி. கீழே பார்க்கக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தான். “அட, யானை செட்டுங்களா,” என்றாள் அவள். பக்கத்துக் கவுண்டர்ப் பெண்ணை வேறு கூப்பிட்டாள். “ஏய், இங்க வந்து பாரு, நான் சொன்னனல்ல, ஒண்ணோட வால ஒண்ணு புடிச்சுட்டுப் போற யானைக, கிண்ணத்தச் சுத்தி. இது இப்ப வர்றதே இல்லைங்க சார். மொத்தமே ஐந்நூறு செட்டுதான் போட்டாங்க. உங்களுது நூத்திப் பதினேழு. சென்னையில ஒருத்தர் இதயே தேடித் தேடி வாங்கி வெச்சுட்டிருக்காரு. கரண்டியில பேரு எழுதாம இருந்திருந்தீங்கன்னா கண்ண மூடிட்டு எடுத்துக்குவாரு. எழுதிட்டீங்களே.” எழுதிட்டீங்களே என்பதை அவள் பரிதாபமாகத்தான் சொன்னாள். “அதத்தான் எடுக்கோணுங்க,” என்றான் அவன் விசிறியிடம். “எடுத்துட்டு தர்ஷித்னு எழுதோணும். எந்தங்கச்சி பையன். நாளைக்கு மருதமலையில சோறூட்டறாங்க.” அவள் சீட்டில் எழுதினாள். பழைய பேர் நீக்கி, புதுப் பேர் தர்ஷித். பழைய பேர் என்ன என்று சீட்டில் எழுதவில்லை. அதற்குச் சீட்டில் இடமும் இல்லை. “புதுசாட்டவே வெச்சிருக்கீங்க சார்,” என்று சொல்லிப் பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோனாள்.

இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்று நினைத்தான். நாற்பது நிமிடம் கழித்து ஒரு ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு வருவான், மோட்டாரைப் போடுவான், சக்கரம் சுற்றும், பேர் போய்விடும். அதுவரைக்கும் பேர் இருக்கிறது. மாடிப்படிக்குப் பின்னால், ஒரு மரத் தட்டில், வெல்வெட்டுக்குள் இருக்கிறது. எழுந்துபோய், வேண்டாமுங்க, திருப்பிக் குடுத்துருங்க என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள், இதில் என்ன வந்தது, எழுந்தால் போதும். எழுந்திருக்கவில்லை. புதுசாட்டவே வெச்சிருக்கீங்க என்றாளே, வெள்ளி மூன்று வருடத்தில் கறுக்காதா, பெட்டி நல்ல பெட்டி, காற்று போயிருக்காது, வாங்கும்போதே அந்த விற்பனைக்காரன் சொன்னான், சார் இது பொருளில்லைங்க, வம்சத்துக்கே நிக்கும், உங்க புள்ள திங்கும், உங்க புள்ளையோட புள்ள திங்கும், பெட்டியோட வெச்சு எடுங்க. கிண்ணம் ஒன்று, கரண்டி ஒன்று, கூடவே ஒரு முள்கரண்டி. முள்கரண்டி எதுக்குங்க, எந்தக் கொழந்தைங்க முள்கரண்டியில ரசஞ்சோறு திங்கும் என்று அவன் கேட்டதற்கு விற்பனைக்காரன் சிரித்து, அது செட்டுங்க சார் என்றான். அது செட்டு. எடுத்தால் மூன்றையும் எடுக்க வேண்டும், வைத்தால் மூன்றையும் வைக்க வேண்டும். அந்த முள்கரண்டியின் நுனிகளை மழுக்கி, குழந்தை வாய்க்குப் படாத மாதிரி மொட்டு மொட்டாக வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் அவனுக்கு மனசு இளகிப்போனது, எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், பல்லில்லாத வாய்க்கு எது குத்தும் எது குத்தாது என்று. சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு வந்து நின்றவன் அந்த மொட்டுகளை விரலால் தடவிவிட்டு வாங்கிவிட்டான். வீட்டுக்காரி வளர்மதிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பின் கட்டுச்சோறு விருந்து முடிந்து எட்டு நாள்.

வாங்கியிருக்கக் கூடாது. இதுதான். எதை நினைத்தாலும் கடைசியில் சுற்றிக்கொண்டு இங்கேதான் வந்து முட்டும். பொறக்கறதுக்கு முந்தி ஒரு கர்ச்சீப்புக் கூட வாங்கப்படாது என்று அம்மா சொல்லியிருந்தாள். முதல் துணி கூடப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்ற வேண்டும், புதுசு ஆகாது, தொட்டில் கம்பி கூட மூன்றாம் நாள்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அவன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், நூலளவு கூடக் குறையப் பார்த்துத்தான் பழக்கம், நம்பிக்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது, அளந்து பார்த்தால்தான் சரி. அளந்து பார்த்தால், ஒரு வெள்ளிக் கரண்டியை வாங்கியதற்கும் எட்டாம் மாதத்தில் ஒரு குழந்தை அவசரப்பட்டு வந்ததற்கும் நடுவில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா காரணம் சொன்னாள், காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதான். ஆனால் வாங்கியதோடு நிற்கவில்லையே அவன். பேரும் எழுதினானே. பேர் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தால், வருகிறதற்குக் கூச்சமாக இருந்திருக்குமோ. என்ன பேச்சு இது. இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

பேர் அவனுக்குப் பஸ்ஸில் கிடைத்தது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகிற பஸ், வளர்மதிக்கு அப்போது ஐந்து மாதம், ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் கொஞ்சம் திறந்து. ரெண்டு பக்கமும் தென்னை. வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்து அவள் வயிற்றின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது, வருவதும் போவதும் வருவதும் போவதும், உள்ளே இருக்கிறதற்கு வெளிச்சம் தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்தது. ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும். அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். பேரைப் பத்தி இப்பப் பேசப்படாது என்று அம்மா சொல்லி வளர்மதியும் தலையாட்டியிருந்தாள், பிறந்த பிறகு, தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தரம் சொல்லும்போது எல்லாருக்கும் தெரிந்தால் போதும் என்றிருந்தான். வாய்விட்டு அந்தப் பேரை அவன் சொன்னதே இல்லை. எழுதிக் கொடுத்தான், அவ்வளவுதான். எழுத்து வெட்டுகிற பையன் இங்கிலீஷில் போடட்டுமா சார், நீட்டா வரும் என்றான், இல்லை தமிழில்தான் என்று அவன் ஒரு சீட்டில் எழுதி நீட்டினான், பையன் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். அதனால் அந்தப் பேரை இதுவரைக்கும் ஒரு வாய் கூடச் சொன்னதில்லை, ஒரு காது கூடக் கேட்டதில்லை.

ஷர்மிளா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “ஏசி ஓடலீங்க சார், சொல்லியிருக்குது. அந்தப் பக்கம் உக்காந்தீங்கன்னா காத்து வரும்.” பரவால்லீங்க என்றான். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெள்ளிப் பாலாடைகள் வரிசையாகப் படுத்திருந்தன, கிலுகிலுப்பைகள், அரைஞாண், கொலுசு. எல்லாம் குட்டி குட்டியாக. கண்ணாடி. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை இருந்தது, அதற்குள் கையை விட்டுத் தொடலாம் என்று நர்ஸ் சொன்னாள், கையைக் கழுவிட்டு வாங்கண்ணா என்றாள். அவன் மூன்று தரம் கழுவினான். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. ஒரே ஒரு விரலை மட்டும் விட்டான். உள்ளங்காலைத் தொட்டான். உள்ளங்கால் அவன் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பெண் குழந்தை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் வளர்மதியின் குழந்தை என்று எழுதியிருந்தது. சரி, பேர்தான் வீட்டில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான், அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம், ஓட்டையில் வாயை வைத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். ஒரு நாளும் கொஞ்சமும். மறுநாள் சாயங்காலம் ஆகும் முன்னால் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு காகிதம், இன்னொரு காகிதம், பதிவு செய்கிற ஜன்னலில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தணிந்த குரலில்தான் கேட்டார், பேரு வெச்சாச்சுங்களா?

இல்லீங்க என்றான் அவன்.

இல்லீங்க. ஏன் அப்படிச் சொன்னான் என்று மூன்று வருடமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். மாமனார் பக்கத்தில் நின்றார். பேர் வைத்திருந்தேன் என்று சொன்னால், எப்ப வெச்சீங்க என்று மாமனார் கேட்பார், முந்தியே வெச்சுட்டீங்களா என்பார், அல்லது கேட்காமல் பார்ப்பார், அந்தப் பார்வை அம்மாவிடம் போகும், அம்மாவிடமிருந்து வளர்மதியிடம் போகும். பயந்தான். அதுதான் விஷயம், பயம். பெரியவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்தக் கோடு இன்னும் அங்கேதான் இருக்கும், அந்தப் புத்தகத்தில், எத்தனை வருடம் ஆனாலும். ஆகையால் அந்தப் பேர் இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். இந்தக் கடையில், மாடிப்படிக்குப் பின்னால். இன்னும் இருபத்தெட்டு நிமிடம்.

கம்பெனியில் இதைத்தான் செய்கிறான். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு தகடு, தகட்டில் ஒரு நம்பர், நம்பர் தப்பாக விழுந்துவிட்டால் தகட்டைத் தேய்த்து மறுபடி அடிப்பார்கள். பார்த்தால் தெரியாது. ஆனால் அவனுக்குத் தெரியும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும், புது நம்பருக்கு அடியில் பழைய நம்பர் நிழலாட்டம் படுத்திருக்கும். எத்தனை தேய்த்தாலும் கொஞ்சம் இருக்கும். நாளைக்கு மருதமலையில், சாய்வாக வெயில் விழுந்து, தர்ஷித்துக்கு அடியில் அது தெரிந்தால்? தங்கச்சி பார்த்தால்? கோகிலா எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள். தர்ஷித் என்ற பேருக்கே மூன்று ஜோசியரிடம் போய் வந்தார்கள், ஒரு எழுத்தைக் கூட்டி ஒரு எழுத்தைக் குறைத்து, மாப்பிள்ளை போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல அவன் ஏதோ வண்டி நம்பர் மாதிரி எழுதிக்கொண்டான். அப்பேர்ப்பட்டவர்களிடம் போய்ச் செத்துப்போன பிள்ளையின் கரண்டியைக் கொடுப்பதா? செத்துப்போன. அந்த வார்த்தை வீட்டில் புழங்குவதில்லை. அந்தப் பையன் ஒன்றும் அறியாதது, ஆறு மாதம், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறது, அதன் வாயில் இதை வைக்கலாமா, வைத்தால் என்ன, ஒன்றும் ஆகாது, இதில் நம்புகிறதற்கு என்ன இருக்கிறது. ஆனால் மடியில் உட்கார வைக்க வேண்டும். அதுதான் இன்னொரு பயம். தாய்மாமன் மடி. அந்த ஒரு விரலோடு சரி, அவன் கை ஒரு குழந்தையைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. கனக்குமா? மாப்பிள்ளை ஏழரைக் கிலோ என்று சொன்னார், ஏழரைக் கிலோ எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், அரைக் குதிரைத்திறன் மோட்டாரைவிடக் குறைவு, அதைத் தினம் தூக்குகிறான். அப்படி இல்லை. வேறு மாதிரி கனக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோகிலா வந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டிக்கொண்டு, “அண்ணா, நீதான் மடில வெச்சு ஊட்டோணும், மாமன் சீரு வெள்ளிக் கிண்ணமும் கரண்டியும், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு, சொல்லும்போதே பாதி கண்ணை அண்ணியின் முகத்தில் வைத்திருந்தாள், சுடுகிற பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறவள் மாதிரி. வளர்மதி ஒன்றும் ஆகாதவள் போலத் தட்டை வாங்கிக்கொண்டாள். காப்பி வைத்தாள். பையனைத் தூக்கிக்கொள்ளவில்லை, ஆனால் அதன் காலுறை கழன்று விழுந்ததை எடுத்து மாட்டிவிட்டாள். அவர்கள் போன பிறகு, தம்ளர் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள். “ஏனுங்க. அந்த யானைப் பெட்டி இருக்குதல்ல. அதையே குடுத்துரலாம். பீரோவுல எத்தன நாளைக்கு வெச்சிருக்கறது.” அவன் உம் என்றான். அவர்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. ஒருத்தர் ஒன்று சொல்வது, இன்னொருத்தர் உம் என்பது. கேஸ் வந்துச்சு, உம். மோட்டார் போட்டுட்டேன், உம். கதை சொல்கிறவர் இல்லாத வீட்டில் உம் மட்டும் மிச்சமிருந்த மாதிரி.

இரு. யானைப் பெட்டி என்றாளே.

தெய்வசிகாமணி நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தான். பெட்டியை அவளுக்கு அவன் திறந்து காட்டியதே இல்லை. வாங்கிவந்த அன்று பீரோவில் தன் பழைய சட்டைகளுக்கு அடியில் வைத்தான், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு நாள் அவள் துணி அடுக்கும்போது, வெள்ளிச் சாமான் வாங்கினீங்களா என்று கேட்டாள், ஆமா என்றான், அவள் உம் என்றாள், திறக்கவில்லை, அவன் எதிரில் திறக்கவில்லை. மூடியின் மேல் யானைப் படம் இருக்கிறதோ? கருநீலப் பெட்டி, ஓரத்தில் வெள்ளைக் கோடு, நடுவில் ஏதோ எழுத்து. யானை இருந்ததா? இருந்திருக்கும். இருக்க வேண்டும். எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் கேட்கலாம், ஏனுங்க, மூடியில யானை இருக்குதுங்களா. சிரிப்பாள். இருக்கும், யானை இருக்கும், டிசைனர் செட்டு என்றால் மூடியில் போடாமல் விடுவார்களா. போடவில்லை என்றால்? போடவில்லை என்றால் அவள் திறந்திருக்கிறாள். திறந்திருந்தால் கிண்ணத்தைப் பார்த்திருப்பாள். கிண்ணத்தைப் பார்த்தவள் கரண்டியைப் பார்க்காமலா இருப்பாள். படித்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடமாட்டாள், பஸ்ஸில் போனாலும் போர்டு போர்டாகப் படித்துக்கொண்டே வருவாள். அப்படியானால் மூன்று வருடமாக. இல்லை. அப்படியிருந்தால் கேட்டிருப்பாள். கேட்டிருக்க மாட்டாளா? நீ சொன்னாயா, அவள் கேட்க. பேச்சை வேறு பக்கம் திருப்பு. வெளியே ஒரு ஆட்டோ வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. பூட்டு சாவி விற்கிறவன் போகிறான். சாவி. பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால் தொங்கும். அமாவாசை அன்று காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு உள்அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள், பத்து நிமிடம், கால் மணி நேரம். அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பான், ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு. ஆனால் வெளியே வரும்போது அவள் கண் சிவந்திருக்காது. விரல்தான் வெளுத்திருக்கும். விபூதி பாக்கெட்டு என்ன இப்படிச் சீக்கிரம் தீருது என்று அவன் ஒரு தரம் கேட்டிருக்கிறான். உம் என்றாள்.

அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. மேலே போகவில்லை. கால் பெருவிரலால் தரையில் இருந்த கருங்கல் சில்லு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ரெண்டு பத்துக்கு வர வேண்டியவர் ரெண்டு ஐந்துக்கே வந்தார். துரைராஜ் என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். ஐம்பது வயது இருக்கும், கட்டை மீசை, காதில் ஒரு பல்குச்சி சொருகியிருந்தது. “துரைராஜண்ணா, பதினாலு மொதல்ல பாருங்க, அந்த சார் அப்பப் புடிச்சு உக்காந்திருக்காரு.” “ஏனம்மா, சோறு தொண்டையிலேயே நிக்குது, அதுக்குள்ள வெரட்டற,” என்றார் அவர். பெட்டியை வெளியே கொண்டுவந்து, தெய்வசிகாமணிக்கு நேர் எதிரே கவுண்டரில் வைத்தார். கருநீல மூடி. வெள்ளைக் கோடு. நடுவில் ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. யானை இல்லை.

“எதுங்க, இந்தக் கரண்டிங்களா? எழுத்து நல்லா ஆழமா வுட்டுருக்கான். சக்கரத்துல ரெண்டு மூணு தரம் பஃப்பு குடுத்தாத்தான் போகும். காம்பு கொஞ்சம் எளச்சுப் போகும் பாத்துக்குங்க.” கரண்டியை விளக்குக்கு நேரே தூக்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உரக்கப் படித்தார். “பொழில்.” ஒரு தரம் தலையை ஆட்டினார். “பொழில். நல்ல பேருங்க. புதுசா இருக்குது.”

அந்தச் சத்தம் கூடத்தில் போய்த் திரும்பி வந்தது என்று அவனுக்குத் தோன்றியது. இப்படித்தான் இருக்குமா. கட்டைக் குரலில், சாம்பார் வாடையோடு, யாரோ ஒருத்தர் வாயில், முதல் தரம். கேட்டுவிட்டான். ஒரு காது கேட்டுவிட்டது.

“வீட்ல நல்லாப் பாத்துக்கறாங்க போலிருக்குது,” என்று துரைராஜ் நகத்தால் காம்பைச் சுரண்டப் போனார். “விபூதி போட்டுத் தொடைக்கறாங்க, அதான் கறுக்கவே இல்ல. எழுத்துக்குள்ள பூரா அடச்சு நிக்குது பாருங்க, வெள்ள வெளேர்னு.”

“சொரண்டாதீங்க,” என்றான் தெய்வசிகாமணி.

அவர் கையை எடுத்துவிட்டார். அவன் குனிந்து பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் தரமாகப் பார்த்தான். வெள்ளியில் வெட்டிய எழுத்து இருட்டாகத்தானே இருக்கும், இருக்க வேண்டும். இது வெளுப்பாக இருந்தது. ஒவ்வொரு வளைவுக்குள்ளும், ழகரத்தின் வாலுக்குள்கூட, துளித்துளியாக விபூதி இறுகிப்போயிருந்தது. ஒரு நாளில் இறுகினது இல்லை அது. அமாவாசைக்கு அமாவாசை, கதவுக்கு அந்தப் பக்கம், கணக்கு டீச்சரின் விரல் போன வழி அது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் செய்தித்தாள் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஒரு நிமிசங்க,” என்று அவன் போனை எடுத்தான். அவளுக்கு இப்போது மதிய இடைவேளை. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் இரைச்சல், தட்டு கழுவுகிற சத்தம்.

“நாந்தான்.”

“உம்.”

“கடையில இருக்கறேன். கரண்டியில பேரு ஒண்ணு எழுதியிருக்குது.”

 “உம்.”

“உனக்குத் தெரியுமா?”

“உம்.”

அவன் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டான். துரைராஜ் பல்குச்சியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“நாந்தான் எழுதச் சொன்னேன். பொறக்கறதுக்கு முந்தியே. அந்தப் பதிவு ஆபீசுல பேரு வெக்கலீன்னு சொல்லிட்டேன் வளரு. வெச்சிருந்தேன். சொல்லல.”

“உம்.”

“இப்ப அழிக்கறதுக்குத்தான் குடுத்திருக்கறேன். அழிக்கச் சொல்லட்டுமா?”

அவன் காத்திருந்தான். தட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது, அவள் எங்கேயோ நகர்ந்து வந்திருக்க வேண்டும், மரத்தடியாக இருக்கும், ஒரு காக்கை கத்தியது கேட்டது. மூச்சு கேட்டது. கேஸ் வந்ததற்கும் மோட்டார் போட்டதற்கும் விபூதி தீர்ந்ததற்கும் விழுந்த உம் இதற்கு விழவில்லை. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கடிகாரம் எதிரில்தான் இருந்தது, பார்க்கவில்லை.

“சரி,” என்றான் அவன்.

“கிண்ணத்தக் குடுங்க,” என்றாள் அவள்.  “கிண்ணம் பையன் திங்கட்டும். முள்ளுக்கரண்டியும் குடுத்துருங்க. அது மட்டும் இருக்கட்டும்.” பிறகு, “நீங்க ஒரு தரம் சொல்லுங்க. நான் தனியாவே சொல்லிட்டிருந்தேன்.”

அவன் சொன்னான். போனில், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஓட்டைக்குள் சொல்கிற மாதிரி, மூன்று தரம். மூன்றாம் தரம் சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்தது. “பெல்லு அடிச்சுட்டாங்க, ஏழாம் வகுப்பு,” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

“வேண்டாமுங்க,” என்றான் அவன் துரைராஜிடம். “அப்படியே இருக்கட்டும்.”

“அப்பப் புதுப் பேரு?” என்று ஷர்மிளா கேட்டாள். “சார், செட்டு ஒடஞ்சு போயிருமே. நூத்திப் பதினேழுல கரண்டி இல்லாட்டி அது வெறுங் கிண்ணந்தானுங்க.”

“ஒடையட்டுங்க. சாதாக் கரண்டி ஒண்ணு காட்டுங்க, சின்னது. பேரு எழுத வேண்டாம். பேர அவங்களே எழுதிக்கட்டும்.”

அவள் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அவன் ஓரம் மழுங்கலாக இருந்த ஒன்றை எடுத்தான், உதட்டில் வைத்துப் பார்த்தான், குத்தவில்லை. அதைக் கிண்ணத்தோடு பெட்டியில் வைத்தார்கள், பழைய கரண்டி படுத்திருந்த பள்ளத்தில் புதுசு கொஞ்சம் ஆடிக்கொண்டு கிடந்தது. பழையதை ஒரு துணியில் சுற்றித் தரட்டுமா என்றார் துரைராஜ். துணி வேண்டாம் என்றான், விபூதி துணியில் போய்விடும்.  அவர் காம்பைத் தொடாமல், குழிந்த பக்கத்தைப் பிடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து யாருங்க, பதினஞ்சு என்று கூப்பிட்டபடி மாடிப்படிக்குப் பின்னால் போனார். சக்கரம் சுற்றத் தொடங்கியது, யாருடைய கொலுசோ. ஷர்மிளா ஒரு தாயும் மகளும் வந்து நின்றதும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். பதினான்காம் டோக்கன் கவுண்டரின் மேல் கிடந்தது. மாமன்காரன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரண்டியைச் சட்டைப் பையில் பேர் இருக்கும் பக்கம் தன்னைப் பார்க்க வைத்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, ராஜ வீதி வெயிலுக்குள் இறங்கி நடந்தான்.

உம்?

அவ்வளவுதான். அவன் போய்விட்டான்.